ஒரே கதை, நான்கு முடிவுகள்: பழைய அறிவியல் புனைகதைப் படங்களை ஏன் திரும்ப எடுக்கிறார்கள்?

பெயர்பெற்ற பழைய படம் ஒன்றை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் சேர்ந்துவிடும். "அதில் கை வைக்காதீர்கள், கெடுத்துவிடுவீர்கள்" என்பது ஒன்று. "இன்றைக்கு இருக்கிற கிராஃபிக்ஸில் எடுத்தால் எப்படி இருக்கும்!" என்பது இன்னொன்று. இருவரும் பேசுவது படத்தின் மேல்பூச்சைப் பற்றி. அறிவியல் புனைகதைப் படத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று முடிவு செய்ய, அதன் அடியில் இருக்கும் பயத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பயம் இன்னும் உயிரோடு இருக்கிறதா? இருந்தால், பழைய முகத்தோடுதான் இருக்கிறதா? ஒரே கதையை 4 முறை எடுத்த படவரிசை ஒன்று நம் கையில் இருப்பதால், இதைச் சோதித்தே பார்த்துவிடலாம். படங்களின் முடிவுகளைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது, பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

## ரீமேக் என்ற ஒரே பெயரில் நான்கு வேலைகள்

செய்திகளில் எல்லாவற்றுக்கும் ரீமேக் என்றே போட்டுவிடுகிறார்கள். குழப்பம் பாதி அங்கேயே தொடங்குகிறது.

1. ரீமேக்: ஏற்கெனவே வந்த படத்தையே மூலமாக வைத்துப் புதிதாக எடுப்பது. கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். காலம், இடம், பாத்திரங்கள் மாறலாம்.
2. மறு தழுவல்: பழைய படத்தைத் தாண்டிப் போய், அது எந்த நாவலிலிருந்து, எந்தச் சிறுகதையிலிருந்து வந்ததோ அதையே நேராகப் பிடித்துப் படமாக்குவது.
3. ரீபூட்: கதையை விட்டுவிட்டு உலகத்தை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பது. 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' 1968இல் வந்தது. 2001இல் டிம் பர்ட்டன் எடுத்தது அதன் ரீமேக். 2011இல் தொடங்கிய வரிசை ரீபூட்.
4. மீட்டெடுப்பு: புதிதாக எதையும் எடுக்காமல் பழைய பிரதியைச் சுத்தம் செய்து, காணாமல் போன பகுதிகளைத் தேடிச் சேர்ப்பது. 1927இல் வந்த 'மெட்ரோபொலிஸ்' படத்தின் தொலைந்துபோன காட்சிகள் 2008இல் பியூனஸ் அயர்ஸில் கிடைத்தன. அவற்றைச் சேர்த்த பதிப்பு 2010இல் திரைக்கு வந்தது.

நான்காவதை யாரும் எதிர்ப்பதில்லை. சண்டையெல்லாம் முதல் இரண்டில்தான். அந்த இரண்டும் ஒன்றல்ல என்பது கட்டுரையின் பின்பகுதியில் முக்கியமாகிவிடும்.

## பணக் கணக்கு

இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் மர்மம் எதுவும் இல்லை. மறுபடி எடுக்கும் உரிமை தனியாக விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. பெரிய ஸ்டுடியோ ஒவ்வொன்றின் அலமாரியிலும் அப்படிப் பல தலைப்புகள் தூங்குகின்றன. மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பெயரை விளம்பரப்படுத்துவது, தெரியாத பெயரைப் பழக்கப்படுத்துவதைவிட எளிது. செலவு அதிகம் பிடிக்கும் வகை என்பதால் அறிவியல் புனைகதையில் இந்த ஆசை இன்னும் கூடுதல். அமெரிக்கச் சட்டப்படி 1978க்கு முன் வெளியான படைப்புகளுக்குக் காப்புரிமை பொதுவாக வெளியான ஆண்டிலிருந்து 95 வருடம். அதற்கப்புறம் யாரும் எடுக்கலாம். 'மெட்ரோபொலிஸ்' 2023இல் அங்கே பொதுவுடைமை ஆனது அப்படித்தான்.

ஆக, லாபத்துக்காகத்தான் எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது ரீமேக்கை ஒதுக்கித்தள்ளப் போதுமான காரணம் இல்லை. அசல் படங்களையும் யாரும் தர்மத்துக்கு எடுக்கவில்லை.

## இந்த வகைப் படங்கள் எப்படிப் பழசாகின்றன

காதல் கதைக்கு வயதாவது மெதுவாக நடக்கும். அறிவியல் புனைகதை மூன்று விதமாகப் பழசாகிறது.

1. தோற்றம் பழசாவது. 1951இல் ராபர்ட் வைஸ் எடுத்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்தில் வரும் கோர்ட் என்ற ரோபோ நடக்கும்போது, உலோகம் என்று நாம் நம்ப வேண்டிய கால், முழங்கால் பக்கத்தில் துணி மாதிரி மடங்கும். உள்ளே ஆள் இருப்பது தெரியும். படம் கெட்டுவிட்டதா? இல்லை. அந்த ரோபோ அசையாமல் நிற்கும்போது வரும் பயம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.
2. அறிவியல் பழசாவது. 1958இல் வந்த 'தி ஃப்ளை' படத்தில் விஞ்ஞானி ஒருவர் தன்னையே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் இயந்திரத்தில் ஏற, கூடவே ஒரு ஈயும் போய்விடுகிறது. வெளியே வரும்போது தலையும் கையும் மாறிப்போகின்றன. 1986இல் டேவிட் குரோனென்பர்க் இதே கதையை எடுத்தபோது மரபணு பற்றிய அறிவு பொதுப்பேச்சாகியிருந்தது. அதனால் தலை மாறவில்லை. மனிதனும் ஈயும் மரபணு அளவில் கலந்துவிடுகிறார்கள். ஒரே நொடியில் நடந்த விபத்து, வாரக்கணக்கில் உடலை அரிக்கும் நோயாகிறது. நகம் கழன்று வருவதைக் கண்ணாடி முன் நின்று பார்க்கும் ஜெஃப் கோல்ட்பிளமைப் பார்த்தால் பூச்சி ஞாபகத்துக்கு வராது. நோயாளியும் முதுமையும்தான் ஞாபகத்துக்கு வரும். அறிவியலைத் திருத்தப் போய் படத்தின் விஷயமே ஆழமாகிவிட்டது.
3. பயம் பழசாவது. இதுதான் பெரிய விஷயம். படம் எடுத்த காலத்தில் மக்கள் யாரை நம்பினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பது மாறிவிட்டால், கதை ஓடும், ஆனால் கடிக்காது.

முதல் காரணத்துக்காக மட்டும் எடுக்கப்படும் ரீமேக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

## சோதனைக்கூடம்: தூங்கினால் ஆள் மாறிவிடும் கதை

ஜாக் ஃபின்னி எழுதிய 'தி பாடி ஸ்னாட்சர்ஸ்' 1954இல் அமெரிக்க இதழ் ஒன்றில் தொடராக வந்து 1955இல் நாவலானது. விண்வெளியிலிருந்து வரும் பெரிய விதைக்காய்கள், தூங்கும் மனிதரை அச்சு அசலாக நகலெடுக்கின்றன. நகலுக்கு அதே முகம், அதே நினைவுகள். உணர்ச்சி மட்டும் இல்லை. அசல் ஆள் அழிந்துபோகிறார். நாவலின் முடிவில் மனிதர்கள் விடாமல் எதிர்ப்பதைப் பார்த்து வேற்றுக்கிரக விதைகள் பூமியை விட்டே கிளம்பிவிடுகின்றன. இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு படங்களில் ஒன்றுகூட இதை எடுத்துக்கொள்ளவில்லை.

### 1956

டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்' 80 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். சாண்டா மீரா என்ற கற்பனைச் சிற்றூர். கெவின் மெக்கார்த்தி நடித்த மைல்ஸ் அங்கே மருத்துவர். ஊரில் எல்லாரையும் அவருக்குத் தெரியும். வில்மா என்ற பெண் அவரிடம் வந்து, தன் மாமா ஐரா தன் மாமாவே இல்லை என்கிறாள். பேச்சு, நடை, பழைய ஞாபகங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கண்ணில் இருந்த ஏதோ ஒன்று மட்டும் இல்லை. இந்தப் பயத்துக்குச் சிற்றூர் தேவை. ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்த இடத்தில்தான் இப்படி ஒரு சின்ன மாற்றம் கண்ணில் படும்.

இதைக் கம்யூனிச பயம் என்று படித்தவர்கள் உண்டு. கம்யூனிஸ்டு வேட்டை ஆடிய செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி (நடிகர் அல்ல) காலத்து ஆட்டுமந்தைத்தனம் என்று நேர் எதிராகப் படித்தவர்களும் உண்டு. இரண்டு வாசிப்புக்கும் படம் இடம் கொடுக்கிறது, அதுதான் அதன் பலம்.

சீகல் விரும்பிய முடிவில், மைல்ஸ் நெடுஞ்சாலையில் ஓடும் கார்களுக்கு நடுவே நின்று, யாரும் நிறுத்தாத நிலையில், கேமராவைப் பார்த்து "அடுத்தது நீங்கள்தான்!" என்று கத்துவார். அதோடு படம் முடிந்திருக்க வேண்டும். ஸ்டுடியோவுக்கு அது பிடிக்கவில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் மருத்துவமனைக் காட்சிகளைச் சேர்க்க வைத்தார்கள். பைத்தியம் என்று நினைத்த மைல்ஸை, விதைக்காய் ஏற்றிவந்த லாரி விபத்து பற்றிய செய்தி காப்பாற்றுகிறது. மருத்துவர் தொலைபேசியை எடுத்து எஃப்.பி.ஐ.யைக் கூப்பிடச் சொல்கிறார். மைல்ஸ் நிம்மதியாகச் சுவரில் சாய்கிறார். எஃப்.பி.ஐ. வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது 1956இன் சமாதானம்.

### 1978

பிலிப் காஃப்மேன் இதை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். இடமாற்றம் அலங்காரத்துக்காகச் செய்ததல்ல. பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டால் யாருக்குத் தெரியும்? முகம் கொடுக்காமல் நடப்பதே அங்கே வழக்கம். ஆகவே 1956இல் "மாமா மாறிவிட்டார்" என்று உடனே கண்டுபிடித்த கதை, இங்கே "எல்லாரும் ஏற்கெனவே இப்படித்தானே இருக்கிறார்கள்?" என்ற சந்தேகத்தில் தொடங்குகிறது.

நாயகன் டொனால்ட் சதர்லேண்ட் சுகாதாரத் துறை ஆய்வாளர். அவர் வரும் முதல் காட்சியிலேயே ஒரு உயர்தர உணவகத்தின் சமையலறையில் பாத்திரத்திலிருந்து எதையோ இடுக்கியில் எடுத்து, எலிப் புழுக்கை என்கிறார். சமையல்காரர் அது கேப்பர் மொட்டு என்று சாதிக்கிறார். "அப்படியானால் சாப்பிடுங்கள்." பார்த்தால் ஒன்றுபோல் இருப்பதில் எது போலி என்று கண்டுபிடிப்பதுதான் அவர் தொழில். கதை முழுவதும் அதில் இருக்கிறது, படம் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை. வெளியே வந்தால் அவர் கார் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். அதன்பின் விரிசல் விழுந்த கண்ணாடி வழியாகவே நகரத்தைப் பார்க்கிறோம்.

லியோனார்ட் நிமாய் நடித்த மனநல மருத்துவர் இன்னொரு நல்ல கண்டுபிடிப்பு. கணவர் மாறிவிட்டார் என்று வருபவரிடம், உறவிலிருந்து தப்பிக்க நீங்களே கற்பனை செய்துகொள்கிறீர்கள் என்று இதமாகப் பேசுகிறார். எழுபதுகளின் சுயமுன்னேற்றப் பேச்சு இங்கே வேற்றுக்கிரகவாசிகளுக்கு வேலை செய்கிறது. பின்னணியில் குப்பை லாரிகள் சாம்பல் நிறத்தில் எதையோ அள்ளிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கின்றன. இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் அது என்னவென்று உறைக்கும்.

இப்போது தொலைபேசிக்கு வருவோம். நாயகன் அதிகாரிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கிறார். ஒரு கட்டத்தில் தொலைபேசி ஆபரேட்டர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். நாயகனோ தன் பெயரைச் சொல்லவே இல்லை. 22 ஆண்டுகளுக்கு முன் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தது மீட்பு. இப்போது அங்கே இருப்பது எதிரி. நடுவில் வாட்டர்கேட் என்ற அரசியல் ஊழல் நடந்து, 1974இல் ஒரு அமெரிக்க ஜனாதிபதி பதவி விலகியிருந்தார். இதைப் படத்தில் யாரும் ஒரு வரிகூடப் பேசுவதில்லை, பேசத் தேவையும் இல்லை.

பழைய படத்துக்கு மரியாதையும் உண்டு. கெவின் மெக்கார்த்தியே ஒரு காட்சியில் வந்து காரில் மோதி "வந்துவிட்டார்கள்!" என்று கத்துகிறார், 1956இலிருந்து ஓடிக்கொண்டே இருந்தவர்போல. சில நொடிகளில் இறந்துகிடக்கிறார். கூட்டம் முகபாவமே இல்லாமல் வேடிக்கை பார்க்கிறது. டான் சீகலும் டாக்ஸி ஓட்டுநராக வருகிறார், நாயகனைக் காட்டிக்கொடுக்கும் ஓட்டுநராக. முடிவில், தப்பிப் பிழைத்த கடைசித் தோழி நாயகனை நோக்கி ஓடிவர, அவர் விரலை நீட்டி வாயைத் திறந்து அலறுகிறார். அவரும் மாறிவிட்டார். எந்த ஸ்டுடியோவும் இந்த முறை மருத்துவமனைக் காட்சி கேட்கவில்லை.

### 1993, 2007

ஏபெல் ஃபெராரா 1993இல் கதையை ஒரு ராணுவ முகாமுக்குள் வைத்தார். எல்லாரும் ஒரே உடை, ஒரே நடை, கட்டளைக்குக் கீழ்ப்படிவது கடமை. இங்கே மாறியவரை எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தைகள் காப்பகத்தில் ஒரு காட்சி போதும். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தாங்கள் வரைந்த படத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எல்லாம் ஒரே படம். ஒரு சிறுவனுடையது மட்டும் வேறு. சின்னப் படம்தான், குறைகளும் உண்டு, ஆனால் இந்தக் காட்சிக்காகவே எடுத்தது வீண்போகவில்லை.

2007இல் 'தி இன்வேஷன்' விதைக்காய்களை விட்டுவிட்டு, விண்கல விபத்தில் வந்திறங்கும் தொற்று என்று மாற்றியது. அதில் அருமையான ஒரு யோசனை இருந்தது. மனிதர்கள் மாற மாற, பின்னணித் தொலைக்காட்சிச் செய்திகளில் போர்கள் நிற்கின்றன. உணர்ச்சி போனால் சண்டையும் போய்விடுகிறது. அப்படியானால் எதிர்க்க வேண்டுமா? முந்தைய மூன்றும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. ஆனால் ஆலிவர் ஹிர்ஷ்பீகல் எடுத்துக்கொடுத்த படத்தில் ஸ்டுடியோவுக்குத் திருப்தி இல்லை. திரைக்கதையைத் திருத்தி வேறு இயக்குநரை வைத்துப் பகுதிகளைத் திரும்ப எடுத்தார்கள். கேள்வி ஓரமாகப் போய்க் கார் துரத்தல் முன்னுக்கு வந்தது. முடிவில் மருந்து கண்டுபிடித்து எல்லாரும் குணமாகிறார்கள். 1956இல் ஒட்டவைத்த எஃப்.பி.ஐ. முடிவுதான் இது, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

## படத்தைவிடப் பழைய மூலம்

மறு தழுவலின் பயன் என்ன என்பதற்கு 'தி திங்' நல்ல எடுத்துக்காட்டு. ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938இல் எழுதிய கதையில், அண்டார்டிகா ஆய்வு முகாமில் உறைந்துகிடந்த உயிரி எந்த உயிரின் உருவத்தையும் எடுக்கக்கூடியது. 1951இல் ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரித்த படம், கதையின் இதயமான உருமாற்றத்தையே விட்டுவிட்டது. இடம் வட துருவத்துக்கு மாறியது. உயிரி, தாவர வகையைச் சேர்ந்த ஒரு நெட்டை மனிதனாக நடந்து வந்தது. முகாமில் உள்ளவர்கள் ஒன்றுசேர்ந்து கேலி பேசிக்கொண்டே அதை வெல்கிறார்கள். நல்ல படம். ஆனால் கேம்பெல் எழுதியது அது இல்லை.

1982இல் ஜான் கார்பென்டர் கதைக்கே திரும்பினார். 12 ஆண்கள், வெளியே பனி, யார் மனிதன் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரின் ரத்தத்திலும் சூடான கம்பியைத் தோய்த்துப் பார்க்கும் காட்சியின் வேர் மூலக்கதையில் இருக்கிறது. முதல் படத்தில் கூட்டு முயற்சி காப்பாற்றியது. இங்கே கூட்டம்தான் ஆபத்து.

அந்தப் படத்துக்கு அன்று கிடைத்த வரவேற்பு மோசம். 1982 ஜூன் 25 அன்று 'பிளேடு ரன்னர்' வெளியான அதே நாளில் வந்தது. இரண்டு வாரம் முன்பு வந்த 'ஈ.டி.' படத்தின் அன்பான வேற்றுக்கிரகக் குட்டியோடு ரசிகர்கள் ஒன்றிப்போயிருந்தார்கள். ராப் பாட்டின் செய்த உடல் சிதைவு வித்தைகள் விமர்சகர்களுக்கு அருவருப்பாக இருந்தன. அதே வித்தைகளைத்தான் இன்று பாடமாகப் பார்க்கிறார்கள். ரீமேக் வந்த வாரத்திலேயே தீர்ப்பு எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2011இல் அதே பெயரில் வந்த முன்கதைப் படத்துக்குக் கைவேலையாகப் பொம்மைகளும் உறுப்புகளும் செய்யப்பட்டன. பிறகு பலவற்றின் மேல் கணினி உருவங்களைப் பூசிவிட்டார்கள். தோற்றத்தைப் புதுப்பிக்கப் போய்ப் படத்தின் எடையே குறைந்துபோனதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

## காரணம் சரி, கை தவறு

பயத்தைப் புதுப்பித்தால் மட்டும் போதுமா? போதாது. 2008இல் வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' அணுகுண்டு அச்சத்தை எடுத்துவிட்டுச் சுற்றுச்சூழல் அழிவை வைத்தது. நியாயமான மாற்றம்தான். ஆனால் 1951இல் வந்த விண்வெளித் தூதர் கிளாட்டூ, யாருக்கும் தெரியாமல் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தங்குகிறார். காலைச் சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் விண்வெளி மனிதன் எங்கே ஒளிந்திருப்பான் என்று பேசுவதைக் கேட்கிறார். ஒரு சிறுவனோடு போய், போரில் இறந்த அவன் அப்பாவின் கல்லறையைப் பார்க்கிறார். மனித குலத்தை அவர் எடைபோடுவது இப்படித்தான். புதிய படம் இந்த மெதுவான பகுதியைச் சுருக்கி அழிவுக் காட்சிகளுக்கு இடம் கொடுத்தது. அதனால் கிளாட்டூ ஏன் மனம் மாறுகிறார் என்பது நம்பும்படி இல்லை. நாம் மாறுவோம் என்று மனிதர்கள் வாயால் சொல்கிறார்கள், அவரும் ஏற்றுக்கொள்கிறார்.

## பழைய படத்துக்கு என்ன ஆகும்?

ரீமேக்கால் அசல் அழிந்துவிடும் என்ற பயம் இன்று பெரும்பாலும் வீண். ஒரு காலத்தில் அது நிஜமாகவே நடந்தது. ரூபன் மமூலியன் 1931இல் எடுத்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்துக்காக ஃபிரெட்ரிக் மார்ச் ஆஸ்கர் வாங்கினார். காட்சியில் வெட்டே இல்லாமல் முகம் கண்முன் மாறும் வித்தை அதில் பிரபலம். வண்ண ஒப்பனை போட்டு, கேமரா முன் வண்ண ஃபில்டர்களை மாற்றினார்கள். கறுப்பு வெள்ளையில் அதுவரை தெரியாத கோடுகள் முகத்தில் எழுந்து வந்தன. எம்.ஜி.எம். ஸ்டுடியோ 1941இல் தன் ரீமேக்குக்காக இந்தப் படத்தின் உரிமையை வாங்கி, பழையதை வெளியே விடாமல் வைத்துக்கொண்டது. பல பத்தாண்டுகள் அதைப் பார்ப்பதே அரிதாக இருந்தது.

இன்று நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. புதிய படம் வரும் சமயத்தில் பழையதை நல்ல பிரதியில் மறுவெளியீடு செய்கிறார்கள், அதைத் தேடிப் பார்ப்பவர்களும் கூடுகிறார்கள். உண்மையான ஆபத்து வேறு: ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படங்கள் இருப்பதால் தவறான படத்தைப் பார்த்துவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று மூடிவிடுவது. ஆண்டைப் பார்த்துத் தேடினால் அந்தத் தொல்லை இல்லை.

பாடி ஸ்னாட்சர்ஸ் வரிசையைப் பார்க்க நினைப்பவர்கள் 1956இல் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் 1978இல் காரில் வந்து மோதும் அந்த மனிதர் யாரென்றே தெரியாமல் போகும். முதல் முறை படத்தை வெளியானபடியே பாருங்கள். இரண்டாம் முறை, தொடக்க மருத்துவமனைக் காட்சியைத் தாண்டிவிட்டு, நெடுஞ்சாலையில் மைல்ஸ் கேமராவைப் பார்த்துக் கத்தியதும் நிறுத்திவிடுங்கள். நடுவில் வரும் பின்னணிக் குரலும் பின்னால் சேர்த்ததுதான், அதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. மற்றபடி சீகல் எடுக்க நினைத்த படம் ஏறக்குறைய அதுதான்.